கல்சுவாக் தன் தோட்டத்தில் கடலை ஊற்றிய கதை

எங்கள் தீவு ஊரான எமாரிக்கியில் கல்சுவாக்கைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவன் யாரையும் விடுவதில்லை. ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே வருவான். அதுவும் ஓரமாக இல்லை, நடுவழியாக. ஜெபத்துக்கு வாயைத் திறந்த போதகர் அவன் உட்காரும்வரை பேசாமல் நிற்பார்.

அவன் என் தங்கை லேய்சோங்கியின் புருஷன். ஆகவே நான் சொல்வது வேலிக்கு வெளியே நின்று கேட்ட சங்கதி இல்லை. அவன் பொல்லாதவன் இல்லை. பெண்டாட்டி மேல் கை ஓங்கினதில்லை, பிறத்தியார் பொருளை எடுத்ததில்லை. பொல்லாதவனாக இருந்திருந்தால் அவனுக்காக முழங்காலில் நின்று அழுதிருப்பேன். இவன் வெறும் பெருமைக்காரன். பெருமைக்காரனுக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது.

சின்ன வயதில் வீலா பட்டணத்துக்குப் போய் ஒரு கடை வாசலில் காவல் நின்றான். திரும்பி வந்தபோது கடையையே அவன்தான் நடத்தியது போலப் பேசினான். "நான் இருந்த வரைக்கும் அந்தக் கடையில ஒரு ஊசி காணாமப் போனதில்ல" என்பான். அந்தக் கடையில் ஊசியே விற்பதில்லை, சிமெண்டும் தகரமும்தான் விற்றார்கள் என்று பின்னால் தெரிந்தது.

ஊருக்கு வந்தபின் குழுத் தலைவரானான். தண்ணீர்க் குழு வைத்தார்கள், அவன் தலைவர். குழாய் அவன் வீட்டு வாசலுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. சாலைக் குழு வைத்தார்கள், அதற்கும் அவனே தலைவர். சாலையும் அவன் வீட்டு வாசல்வரை வந்தது. அப்புறம் கற்கள் தீர்ந்துவிட்டன. இவ்வளவு பெரிய மனிதன் தோட்டத்தில் களை எடுத்துப் பார்த்தவர் யாரும் கிடையாது. பெருவள்ளிக் கிழங்கு நடுகிற காலத்தில் மட்டும் வந்து குழி தோண்டுவான். அது ஆண்பிள்ளை வேலை என்பதால். மற்றதெல்லாம் லேய்சோங்கி.

இவன் மனதை அரித்தது ஒரே ஒரு விஷயம். மாசோங்கோ என்று ஒரு பட்டப்பெயர் எங்கள் ஊரில் உண்டு. அதைத் தாங்குகிறவர் பெரிய தலைவர் கல்ஃபாவுக்கு வலது பக்கத்தில் உட்காருவார். பழைய மாசோங்கோ இறந்துபோனபின் அந்த இடம் காலியாகக் கிடந்தது. கேட்க உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர். ஒருவன் கல்சுவாக், மற்றவன் அவனுடைய மாமன் மகன் கல்மெத். புதுக்கிழங்குத் திருநாளில் இருவரும் தங்கள் தோட்டத்துப் பெருவள்ளியைத் தலைவர் முன்னால் வைக்கவேண்டும். பார்த்து, பேசி, ஒருவனுக்குப் பெயரைக் கொடுப்பார்கள். கிடைக்காதவன் அதற்கப்புறம் ஆயுசுக்கும் மற்றவன் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் குனிந்துதான் கடக்கவேண்டும்.

"கல்மெத்துக்கு முன்னால நான் குனியறதா? அந்த லாரிக்காரனுக்கா?" என்று கல்சுவாக் சாப்பிடும்போதுகூடக் கேட்பான்.

கல்மெத்தும் ஒரு உத்தமன் இல்லை. வீலா சாலையில் ஒரு பழைய லாரி ஓட்டுகிறான். ஏறுகிறவர்களிடம் காசு வாங்குவதை மறக்கமாட்டான், இறங்கவேண்டிய இடத்தில் நிறுத்தத்தான் மறப்பான். அவன் தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டால் பெண்டாட்டியைக் கேட்டுத்தான் சொல்வான். இரண்டு பேரில் யார் மாசோங்கோ ஆனாலும் ஊருக்குத் தேனும் பாலும் ஓடப்போவதில்லை. ஆனால் கல்சுவாக்குக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அந்த வருஷம் பெருவள்ளிக் கொடி கொம்பில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் கடற்கரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. பெண்கள் நாங்கள் அதில் வாழைக்காயை முக்கி எடுத்துத் தோல் உரிப்போம். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அதைக்கொண்டு மின்சாரம் செய்யப்போகிறார்களாம். கப்பலில் டீசல் வந்து வீலாவில் எரிகிற வேலை இனி வேண்டாமாம், வானமும் கெடாதாம். இந்தப் பேச்சை இதற்கு முன்னாலும் சிலர் வந்து பேசிவிட்டு, கிழங்கை அரைத்து இலையில் சுற்றி வேகவைத்த எங்கள் லாப்லாப்பைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை கருவிகளோடு வந்தார்கள். தலைமைக்கு டெஸ் என்று ஆஸ்திரேலியாக்காரப் பெண். வெயிலில் மூக்கு உரிந்திருக்கும். எங்கள் பேச்சை உடைத்து உடைத்துப் பேசினாலும் பேசினாள்.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். டெஸ் வேறு ஏதோ தீவில் எடுத்த படம் ஒன்றைத் துணிபோல விரித்து மாட்டினாள். ஒரு பக்கம் நீலம், நடுவில் பெரிய சிவப்பு.

"நாங்க தோண்ட மாட்டோம். காது வச்சுக் கேட்க மட்டும் செய்வோம்" என்றாள்.

மீன் விற்கிற லேய்மாரா எழுந்தாள். "மண்ணுக்கு அடியில என்ன பேசிக்கறாங்க, மிஸ்?"

"யாரும் பேசலம்மா. உலகத்துல எங்கேயோ இடி இடிச்சுக்கிட்டே இருக்கும். சூரியன்ல இருந்தும் ஒரு வீச்சு வந்துக்கிட்டே இருக்கும். அதெல்லாம் மண்ணுக்குள்ள லேசான மின்சாரமா இறங்குது. அது எங்க சுலபமா ஓடுது, எங்க ஓட முடியாம நிக்குதுன்னு எங்க கம்பியும் பெட்டியும் கேட்டு வச்சுக்கும். சுலபமா ஓடற இடத்தை சிவப்பா போடுவோம். வெறும் பாறைன்னா நீலம். சூடான உப்புத் தண்ணி இருக்கிற இடம் பெரும்பாலும் சிவப்பாத்தான் வரும்."

"அப்ப எங்க வீட்டுக்காரர் வயித்துலயும் ஒரு கம்பி வை மிஸ். இத்தனை வருஷமா போதைக்குக் காவாச் சாறா ஊத்தி வச்சிருக்கார், என்ன நிறம்னு பாக்கலாம்."

கூடம் சிரித்து முடியும்வரை கல்சுவாக் காத்திருந்தான். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மிஸ், குழுத் தலைவர்ங்கற முறையில ஒரு கேள்வி."

"எந்தக் குழு மச்சான்?" என்றான் கல்மெத் பின்னாலிருந்து.

"எல்லாக் குழுவும்தான். நீ சும்மா இரு. மிஸ், உப்புத் தண்ணி இருந்தா சிவப்பு வரும். சரிதானே?"

"சரி. உப்புத் தண்ணியில மின்சாரம் நல்லா ஓடும். ஆனா நாங்க பார்க்கறது ஒரு மைல், ரெண்டு மைல் ஆழத்துல. மேலே இருக்கிறது எங்களுக்கு..."

"போதும் மிஸ். புரிஞ்சிடுச்சு." உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு எப்போதும் பாதியில் புரிந்துவிடும். அதுதான் அவன் வாழ்க்கை முழுதும் நடந்தது.

பெட்டி சுமக்க ஊரில் சிலரை வேலைக்கு எடுத்தார்கள். கல்சுவாக்கையும் எடுத்தார்கள், எடுக்காவிட்டால் விடமாட்டான் என்பதால். ஆரஞ்சு நிற மேல்சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் குளிக்கப் போனாலும் அந்தத் தொப்பியோடுதான் போனான். தேவாலயத்துக்குள் கழற்றச் சொன்ன மூப்பரிடம், "பாதுகாப்பு விதி" என்றான். மேலே கூரை இருக்கிறது தம்பி என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

வேலை ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. ஓர் இடத்தில் நாலு திசைக்கும் கம்பி இழுப்பார்கள். கம்பி முனையில் சின்னக் குழி தோண்டி, உப்பு கலந்த சேறு பூசி, ஒரு குடுவையைப் பதிப்பார்கள். சேறு காய்ந்துவிடாமல் டெஸ் ஒரு பாட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றுவாள். நீளமாகக் குழல்போல இருக்கும் சுருள்களைப் பள்ளத்தில் படுக்க வைத்து மண் மூடுவார்கள். நடுவில் பெட்டி. அப்புறம் யாரும் கிட்டே நடமாடக்கூடாது, பன்றியைக் கட்டிவைக்கவேண்டும், வண்டி ஓட்டக்கூடாது. பெட்டி விடிய விடியக் கேட்கும். மறுநாள் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். டெஸ் உப்புத் தண்ணீர் ஊற்றுவதைக் கல்சுவாக் தினமும் தொப்பியை ஒதுக்கிக்கொண்டு கூர்ந்து பார்த்தான்.

கல்மெத்தின் மண்ணில் பெட்டி வைத்து எடுத்த காலை, டெஸ் தன் சின்னத் திரையைப் பார்த்து, "இங்க ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று கூட இருந்தவளிடம் சொல்லிவிட்டாள். கருவி ஒழுங்காகக் கேட்டிருக்கிறது என்பதுதான் அவள் சொன்னது. கல்மெத் காதில் விழுந்ததோ வேறு. அன்று வீலாவுக்குப் போன லாரியில் ஏறின அத்தனை பேரிடமும், "என் நிலத்துக்கு அடியில நெருப்பு. வெள்ளைக்காரியே சொல்லிட்டா" என்று சொல்லிக்கொண்டு போனான். சாயங்காலம் லாரி திரும்பும்முன் அந்தச் செய்தி கல்சுவாக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அவன் சோறு சாப்பிடவில்லை. லேய்சோங்கி என்னிடம் வந்து சொன்னாள், "அக்கா, சுவரைப் பார்த்து உக்காந்திருக்கார். கம்பெனி அவன்கூடத்தான் பேச வரும், அவனை விட்டுட்டு எனக்கு எப்படிப் பேரு குடுப்பாங்கன்னு கேக்கறார்."

கல்சுவாக்கின் நிலத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்தார்கள். தோட்டத்தை ஒட்டி வெறும் புதர் நிலம் இருந்தது. அங்கே வைக்கலாம் என்றாள் டெஸ்.

"புதர்ல வேணாம். தோட்டத்துல வைங்க."

"கிழங்கு நட்டிருக்கீங்களே. கொடியெல்லாம் மிதிபடும்."

"மிதிபடட்டும். புதர்ல வச்சா அது என் மண்ணுன்னு யாருக்குத் தெரியும்?"

எங்கள் ஊரில் நிலத்துக்குச் சாட்சி நட்டு வைத்த பயிர்தான். யார் நட்ட சீமைப்பலா, யார் வைத்த தென்னை, யார் போட்ட பெருவள்ளி என்று பார்த்துத்தான் வழக்கே தீரும். அந்த நியாயத்தை அவன் மண்ணுக்கு அடியில் இரண்டு மைலுக்கும் நீட்டிவிட்டான்.

"மிஸ்டர் கல்சுவாக், படத்துல தோட்டம் எதுவும் வராது. ஆழம்தான் வரும்" என்றாள் டெஸ்.

"அந்த ஆழமும் என் தோட்டத்து ஆழம்தானே?"

அவளுக்கு வாதாட நேரமில்லை. ஓய்வுநாளில் எங்கள் ஊரில் வேலை செய்யக்கூடாது என்று போதகர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆகவே பெட்டியைச் சனி மதியம் வைத்துவிட்டுத் திங்கள் காலைதான் எடுக்கவேண்டும். பெருவள்ளி மேடுகளுக்கு நடுவே கம்பி இழுத்தாள், குடுவைகளைப் பதித்தாள். "திங்கள் வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. நீங்களும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வண்டியின் புழுதி அடங்கும்வரை கல்சுவாக் வாசலில் நின்று கையசைத்தான். பிறகு தெருவில் இறங்கி ஆளைக் கூப்பிட்டான்.

"பிளாஸ்டிக் கேன் இருக்கிறவங்கல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க! கம்பிக்குத் தண்ணி காட்டணும்னு மிஸ் சொல்லிட்டுப் போயிருக்கா. கடல் தண்ணி!"

ஆரஞ்சுச் சட்டைக்காரன் சொன்னால் ஜனங்கள் நம்பத்தான் செய்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். கடற்கரைக்கும் தோட்டத்துக்கும் கேன்களும் பழைய எண்ணெய் டப்பாக்களும் ஒரு தள்ளுவண்டியும் போய் வந்தன. அவன் தூக்கவில்லை. நடுவில் நின்று கை காட்டினான். "இந்தக் குடுவைக்கு இன்னும் ஊத்து. அந்த ஓரம் காஞ்சு கிடக்கு பாரு. தாராளமா ஊத்துங்கப்பா, கடல் என்ன குறைஞ்சா போகும்?"

லேய்சோங்கி துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"கிழங்கு மேலயா உப்புத் தண்ணி ஊத்தறே?"

"கிழங்குக்கு ஊத்தலடி. கம்பிக்கு ஊத்தறேன்."

"கம்பி எங்க இருக்கு?"

"தோட்டத்துல."

"கிழங்கு எங்க இருக்கு?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "இதெல்லாம் விஞ்ஞானம். உனக்குப் புரியாது. வீட்டுக்குப் போய் சேம்பு வேகவை."

அதோடு விட்டானா? ஞாயிறு ஆராதனை முடிந்து, லாப்லாப் சாப்பிட்டு, ஊரே பாயில் சாய்ந்த வேளை. நான் என் வாசலில் ஜெபப் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்சுவாக் இரண்டு கையிலும் கேனோடு கடற்கரையிலிருந்து வந்தான். ஆள் கிடைக்காததால் இந்தத் தடவை அவனே சுமந்தான். அவன் சுமந்து அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"தம்பி, ஓய்வுநாள்" என்றேன்.

"தண்ணி எடுக்கறது பாவமில்ல அக்கா. போதகரே சொல்லியிருக்கார்."

"குடிக்கிற தண்ணியச் சொன்னார்."

"இதையும் மண்ணு குடிக்கத்தானே போகுது?"

இப்படி ஒருவனுக்கு என்ன பதில் சொல்வது? கர்த்தர் சொல்லிக்கொள்ளட்டும் என்று பக்கத்தைத் திருப்பினேன். அவர் சொல்லத்தான் செய்தார், அவசரப்படவில்லை.

திங்கள் காலை டெஸ் வந்தபோது தோட்டம் சேறாகக் கிடந்தது. மேடுகளில் கால்தடம். ஒரு கம்பியை யாரோ தடுக்கி இழுத்துக் குடுவை வெளியே வந்து கிடந்தது. பெட்டி மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"என்ன நடந்துச்சு இங்க?"

"மழை, மிஸ்" என்றான் கல்சுவாக்.

டெஸ் பாதையைப் பார்த்தாள். புழுதி பறந்தது. பக்கத்துப் புதரைப் பார்த்தாள். காய்ந்து நின்றது. குனிந்து சேற்றில் விரலை வைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உங்க ஊர்ல மழை உப்பா பெய்யுமா?"

சுமந்தவர்கள் எல்லோரும் வேலி ஓரத்தில் நின்றார்கள்.

"சிவப்பா வந்திருக்குமில்ல, மிஸ்?" என்று மெல்லக் கேட்டான் கல்சுவாக்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். சேற்றில் குந்தி உட்கார்ந்து சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிஸ்டர் கல்சுவாக், இந்தக் கடல் மொத்தத்தையும் கொண்டுவந்து ஊத்தினாலும் நான் தேடற இடத்துக்கு அது போய்ச் சேராது. ஆளுங்க நடந்த சத்தம்தான் பெட்டியில இருக்கும். இதை வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள்.

"திரும்ப வைங்க."

"நாளே இல்ல. நாளைக்கு தீவோட அந்தப் பக்கம் போகணும். இந்த இடத்தை விட்டுடறோம்."

அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று வேலியில் நின்றவர்கள் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். ஆனால் கல்சுவாக்கை அவ்வளவு லேசில் சாய்க்க முடியாது. அந்த ஒரு வாரமும் அங்கே நிற்காதவர்களைத் தேடிப் பிடித்து வேறு கதை சொன்னான். "மிஸ் தரையில உக்காந்துட்டா. இவ்வளவு சிவப்பு எங்கயும் பார்த்ததில்லையாம். சிரிக்கறதா அழறதான்னு தெரியல பாவம்."

அடுத்த வாரம் பெருவள்ளி இலைகள் ஓரத்திலிருந்து கருகின. வெயிலில் சுருண்டு, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

"பாருங்க! அடியில இருக்கிற சூடு மேல வருது. கொடியவே பொசுக்குது!"

சிலர் நிஜமாகவே பார்க்க வந்தார்கள். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். லேய்மாராவும் வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கே, கல்சுவாக்கு."

"ஆழத்துல சுடுது."

"அப்ப இலை ஏன் மேல கருகுது? வேரு இல்ல முதல்ல வேகணும்?"

"விஞ்ஞானம் தெரியாதவங்ககிட்ட பேச முடியாது" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தான். நான்கு தெரு தள்ளியும் அவள் சிரிப்புக் கேட்டது.

லேய்சோங்கி ஒரு மேட்டைக் கிளறிப் பார்த்தாள். கிழங்கு விரல் அளவில் கறுத்து, நாற்றமெடுத்துக் கிடந்தது. அதை அவன் தட்டில் கொண்டுபோய் வைத்தாள். அவர்கள் வீட்டில் அவன் பேசாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மழைக்காலம் வந்து போனது. மரவள்ளியும் மீனுமாகக் காலம் தள்ளினார்கள். புதுக்கிழங்குத் திருநாளுக்குச் சில நாள் முன்னால் டெஸ் திரும்பி வந்தாள். சொன்ன சொல்லுக்குப் படத்தைக் கொண்டுவந்து ஊர்க்கூடத்தில் விரித்தாள். அந்தமட்டுக்கு நல்ல பெண். எங்கள் கடல்முனை முழுவதும் அடியில் சிவப்பு. ஊற்றுக்குக் கீழே தொடங்கி, தேவாலயத்துக்குக் கீழே போய், கல்மெத் மண்ணைச் சும்மா ஓரம் தொட்டுக்கொண்டு, பவளப்பாறைக்கு வெளியே கடலுக்குள் இறங்கியிருந்தது.

"அப்ப நெருப்பு மீனுக்குத்தான் சொந்தம்" என்றாள் லேய்மாரா. "கம்பெனி சுறாகிட்ட கையெழுத்து வாங்கணும்."

கல்மெத் முகம் தொங்கிப்போனது. ஆனால் எல்லோர் கண்ணும் வேறு இடத்தில் இருந்தது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஓர் இடத்தில் வெறும் வெள்ளை. பூச்சி அரித்த ஓட்டைபோல.

"இது யார் மண்ணு?" என்று கேட்டார் பெரிய தலைவர் கல்ஃபாவு.

கல்சுவாக் எழுந்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

"என்னுது தலைவரே. எல்லாரும் கவனிக்கணும். இரும்பைக் காய்ச்சினா முதல்ல சிவக்கும். இன்னும் காய்ச்சினா என்ன ஆகும்? வெளுக்கும்! கொல்லன் உலையில பார்த்ததில்ல? மத்த மண்ணெல்லாம் சிவப்போட நின்னுடுச்சு. என் மண்ணு வெள்ளை!"

கூடத்தில் சிலர் தலையாட்டக்கூட ஆரம்பித்தார்கள். டெஸ் பரிதாபமாக அவனைப் பார்த்தாள்.

"வெள்ளைன்னா எங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். அங்க எடுத்தது வீணாப்போச்சு. சூடா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தோண்டுறதுக்கு அந்த இடத்தை எடுத்துக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றாமல் சும்மா விட்டிருந்தால் ஒருவேளை நல்ல சிவப்பே வந்திருக்கும். அதை இனி யாராலும் சொல்ல முடியாது, அவனாலும்கூட. டெஸ் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். தோண்டுகிறவர்கள் இதுவரை வரவில்லை. வீலாவில் டீசல் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

திருநாள் அன்று ஆராதனை முடிந்து கிழங்குகளைக் கூடத்து முற்றத்தில் வரிசையாக வைத்தார்கள். கல்மெத்தின் குவியல் பெரிது. அவன் பெண்டாட்டி முதுகு நிமிராமல் உழைத்தது. அவன் பக்கத்தில் நின்று தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான், தானே பெற்றெடுத்ததுபோல. கல்சுவாக்கிடம் ஒன்றும் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவனோ வாழை இலையில் சுற்றிய கிழங்குகளோடு வந்தான். பிரித்து வைத்தான். நெடுநெடுவென்று, நேராக, ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. எங்கள் பவளப்பாறை மண்ணில் கிழங்கு கல்லில் முட்டி வளைந்து கோணித்தான் வரும். இப்படி நேராக இறங்குகிறது தன்னா தீவு எரிமலைச் சாம்பல் மண்ணில்தான். வீலா சந்தைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் லேய்மாரா.

"கிழங்கு கப்பல்ல வந்துச்சா, பிளேன்ல வந்துச்சா, கல்சுவாக்கு?"

லேய்சோங்கி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளும் அப்போதுதான் பார்க்கிறாள்.

பெரிய தலைவர் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். "எந்தத் தோட்டத்துக் கிழங்கு இது?"

"என் தோட்டம்தான் தலைவரே. அடியில சூடு இருக்கிறதால கிழங்கு நேரா இறங்கிடுச்சு."

"நல்லது. நாளைக்கு வந்து குழியைப் பார்க்கறேன்."

கல்சுவாக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பதில் வரவில்லை. ஊசிக்கும், மழைக்கும், கருகின இலைக்கும், வெள்ளைக்கும் பதில் வைத்திருந்தவன்.

"வர வேணாம், தலைவரே" என்றான் கடைசியில்.

"ஏன்?"

"குழி இல்ல." தரையைப் பார்த்தான். "அங்க உப்புத்தான் இருக்கு. நான்தான் ஊத்தினேன். இது சந்தையில வாங்கினது."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அவன் மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை. பெரிய தலைவர் கொஞ்ச நேரம் மூப்பர்களோடு பேசினார். மாசோங்கோ பெயரைக் கல்மெத்துக்குக் கொடுத்தார்கள். அவன் கிழங்கை யார் விளைவித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெயர் வேறொருத்திக்குப் போயிருக்கவேண்டும். அதற்கு எங்கள் ஊரில் இன்னும் வழக்கம் வரவில்லை.

கல்மெத் பாயில் உட்கார்ந்தான். முதலில் கடக்கவேண்டியவன் தோற்றவன். கல்சுவாக் நடந்தான். பாயருகே வந்ததும் குனிந்தான், பாதிவரை.

"இன்னும் கொஞ்சம், மச்சான்" என்றான் புது மாசோங்கோ. "முதுகு பிடிச்சிருக்கா? தண்ணி சுமந்ததுல இருக்கும்."

கல்சுவாக் இன்னும் குனிந்தான். கை தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து கடந்து, முற்றத்துக்கு வெளியே போய் நின்றான். லேய்சோங்கி எழுந்து அவன் பின்னால் போனாள். நானும் போனேன், இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏதாவது செய்துகொள்வார்களோ என்ற பயத்தில். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

"அந்த மண்ணு எப்போ சரியாகும்?" என்று அவளைக் கேட்டான். பெண்டாட்டியிடம் அவன் ஒரு விஷயம் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"ரெண்டு மூணு மழைக்காலம் போகணும்."

"அதுவரைக்கும்?"

"எங்கம்மா தோட்டம் இருக்கில்ல. நான் அங்க நடறேன். நீ களை எடு."

எடுக்கிறான். கொடியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறான் என்று லேய்சோங்கி பின்னாலேயே நின்று திட்டிக்கொண்டிருக்கிறாள்.